பழைய விண்டோஸ் 10 கம்ப்யூட்டரை செட்டிங்ஸ் மாற்றியே வேகமாக்கலாம்

எங்கள் வீட்டில் 4 ஜிபி ரேமும் ஹார்டு டிஸ்க்கும் உள்ள பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. அப்பா அதில்தான் செய்தி படிக்கிறார், கரண்ட் பில் கட்டுகிறார். ஆன் செய்தால் டெஸ்க்டாப் வந்துவிடும், ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் ஐந்து நிமிடத்துக்கு அசையாது. புதிதாக எந்த மென்பொருளும் போடாமல், செட்டிங்ஸை மட்டும் மாற்றி அதைச் சரிசெய்தேன். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் எங்கே சிக்கல் என்று பாருங்கள்

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்னப் பெட்டியாக வந்தால் கீழே இருக்கும் 'மோர் டீட்டெய்ல்ஸ்' மீது கிளிக் செய்யுங்கள். சிபியு (பிராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சதவீதம் தெரியும். எது 90-க்கு மேலேயே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் லேப்டாப்பில் டிஸ்க் 100-லேயே நின்றது. ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டும், அதன் மேல் ஓடி ஓடிப் படிக்கும் ஒரு சின்னக் கையும் உண்டு. பத்து புரோகிராம்கள் ஒரே நேரத்தில் கேட்டால், அந்த ஒரு கைதான் பத்து இடத்துக்கும் ஓட வேண்டும். ஆன் செய்த உடனே கம்ப்யூட்டர் திணறுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

ஸ்டார்ட்அப்பைக் குறையுங்கள்

அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' என்ற டேப் இருக்கிறது. விண்டோஸோடு சேர்ந்து தானாகக் கிளம்பும் புரோகிராம்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' பத்தியில் 'ஹை' என்று இருப்பவற்றை முதலில் பாருங்கள். வீடியோ கால் ஆப், பாட்டு ஆப், பிரிண்டர் உதவி ஆப் போன்றவற்றை ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுக்கலாம். ஆப் அழிந்துவிடாது, தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். ஆடியோ, டச்பேட், ஆன்டிவைரஸ் பெயர்கள் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே எங்களுக்குப் பாதிக்கு மேல் பலன் கிடைத்தது.

அப்புறம் செட்டிங்ஸில் 'பிரைவசி', அதில் 'பேக்ரவுண்ட் ஆப்ஸ்' போய், பயன்படுத்தாதவற்றை ஆஃப் செய்யுங்கள்.

அலங்காரத்தைக் குறையுங்கள், எழுத்தை விட்டுவிடுங்கள்

ஸ்டார்ட் மெனு தேடலில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். திறக்கும் பெட்டியில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியின் கீழே உள்ள 'செட்டிங்ஸ்' பட்டனை அழுத்தி, 'அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லா டிக்கும் போய்விடும். ஓகே கொடுப்பதற்கு முன் 'ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபான்ட்ஸ்' என்பதற்கு மட்டும் மறுபடி டிக் போடுங்கள். இல்லாவிட்டால் ணை, ழு, ஞ போன்ற சுழி நிறைந்த எழுத்துகள் பல்லுப் பல்லாகத் தெரிந்து, தமிழ் படிக்கவே கண் வலிக்கும். போட்டோக்கள் முகப்போடு தெரிய வேண்டுமானால் 'தம்ப்நெயில்ஸ்' என்று வரும் வரிக்கும் டிக் போடலாம்.

குப்பையைக் கூட்டும்போது கவனம்

செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்', 'டெம்ப்ரரி ஃபைல்ஸ்' என்று போனால் அழிக்கக்கூடியவற்றின் பட்டியல் வரும். அதில் 'டவுன்லோட்ஸ்' என்ற வரியும் இருக்கும். அதற்கு டிக் போட்டு அழித்தால் நீங்கள் இறக்கி வைத்த ஃபைல்கள் எல்லாம் போய்விடும். அப்பாவின் ரசீதுகள் அந்த ஃபோல்டரில்தான் இருந்தன, நல்லவேளை, பார்த்துவிட்டேன்.

செய்யக் கூடாதவை

'பிரிஃபெட்ச்' ஃபோல்டரை வாராவாரம் காலி செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. புரோகிராம்கள் சீக்கிரம் திறக்க விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்புகள்தான் அதில் இருக்கின்றன. அழித்தால் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். 'எம்எஸ்கான்ஃபிக்' என்ற விண்டோஸ் செட்டிங்ஸ் பெட்டிக்குப் போய் பிராசஸர் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்வதும் வீண். பிராசஸருக்குள் வேலை செய்யும் பகுதிகளான கோர்கள் எல்லாவற்றையும் விண்டோஸ் ஏற்கெனவே பயன்படுத்துகிறது. விண்டோஸின் செட்டிங்ஸ் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' புரோகிராம்கள் பக்கமே போகாதீர்கள். வேகத்துக்காக, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டரை நிறுத்தவும் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, இருக்கும் காவலையும் எடுத்துவிடக் கூடாது.

கடைசியாக ரீஸ்டார்ட்

ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் மையப் பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப வரும். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்', 'சிபியு' போய் 'அப் டைம்' பாருங்கள். தினமும் அணைத்திருந்தாலும் பல நாட்கள் என்று காட்டலாம். அதனால் வாரம் ஒரு முறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

இப்போதும் ரீஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் கழித்து டாஸ்க் மேனேஜரை மறுபடி பாருங்கள். டிஸ்க் இறங்கியிருந்தால் சரி. சும்மா இருக்கும்போதும் 100-லேயே நின்றால் செட்டிங்ஸால் ஆவது அவ்வளவுதான். உங்கள் ஃபைல்களை வேறொரு டிரைவில் காப்பி எடுத்துவிட்டு, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்எஸ்டி மாற்றுவதைப் பற்றிக் கடையில் விசாரியுங்கள்.