பழைய மோட்டார் சைக்கிளின் பின் ஷாக் அப்சார்பரை மாற்றும் முறை

வண்டியின் பின்பகுதியை அழுத்திவிட்டதும் அது ஒருமுறை எழும்பி அடங்காமல் மீண்டும் மீண்டும் ஆடினாலோ, தண்டின் மீது எண்ணெய் கசிந்திருந்தாலோ, ஷாக் அப்சார்பர் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். பிரிக்க முடியாதபடி மூடப்பட்ட வகையாயின், பழுதுபார்க்க முயல்வதைவிடப் புதிய ஜோடியைப் பொருத்துவதே மேல். மேல், கீழ் போல்ட் துளைகளின் மையங்களுக்கு இடையிலான நீளம் பழையதை ஒத்திருக்க வேண்டும். அது மாறினால் வண்டியைத் திருப்பும் தன்மையும் செயினின் தொய்வும் மாறிவிடும்.

துருப்பிடித்த நட்டுகளில் முந்தைய இரவே எண்ணெய் விட்டு ஊறவைக்கவும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தின் அடியில் கட்டை கொடுத்து, ஒரு பக்கத்தை முழுமையாக மாற்றிய பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கழற்றினால், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் தாழ்ந்துவிடும். போல்ட் துளைகளில் உள்ள ரப்பர் புஷ்களில் (உறை வளையங்களில்) வெடிப்புள்ளவற்றை மீண்டும் பயன்படுத்துவது வீண் சிக்கனம். ஸ்பிரிங் இறுக்கத்தை இருபுறமும் ஒரே படியில் வைக்கவும்.