பெற்றோரின் சமூக ஊடகப் பழக்கத்தை அளக்கக் கேள்வித்தாள் தயாரிப்பது எப்படி?

‘சமூக ஊடகத்தை அதிகம் பயன்படுத்துகிறீர்களா?’ என்ற கேள்வியால் பயனில்லை. ஒருவருக்கு அரை மணி நேரமே அதிகம். இன்னொருவருக்கு மூன்று மணி நேரமும் சாதாரணம்.

முதலில், பெற்றோர் தாங்கள் பயன்படுத்துவதையும் பிள்ளையின் பயன்பாட்டை நிர்வகிப்பதையும் தனித்தனியாக வையுங்கள். கண்டிப்பான விதிகள் உள்ள வீட்டிலும் அப்பா சாப்பிடும்போது போனையே பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண் போட்டால் இது தெரியவே தெரியாது. நிர்வாகத்திலும் பேசிப் புரியவைப்பது, விதி போடுவது, சேர்ந்து பார்ப்பது, கண்காணிப்பது எனப் பிரிவுகள் உண்டு. பிரிவுக்கு ஏழெட்டுக் கேள்வி எழுதுங்கள். பின்னால் சோதித்துப் பார்க்கும்போது பாதிக் கேள்விகள் கழிந்துவிடும்.

‘பிள்ளையின் கணக்கைப் பார்ப்பேன், தவறிருந்தால் பேசுவேன்’ என்று எழுதாதீர்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பவர் எதை டிக் செய்வார்? இரண்டாக உடையுங்கள். ‘கடந்த 7 நாட்களில், பிள்ளை உங்களிடம் பேசும்போது எத்தனை நாள் போனைப் பார்த்தீர்கள்?’ என்று கேட்டால் 0 முதல் 7 வரை விடை வரும். பல பிள்ளைகள் இருந்தால், அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அந்தப் பிள்ளையை மட்டும் நினைத்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லாரையும் கலந்து ஒரு சராசரி சொல்வார்கள்.

நேரத்தை ஊகிக்க விடாதீர்கள். ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’, ஆண்ட்ராய்டில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ பக்கத்தைத் திறந்து ஆப் வாரியாகக் குறிக்கட்டும். கணினியில் பார்த்தது பெரும்பாலும் அதில் வராது, தனியாகக் கேளுங்கள். வாட்ஸ்அப்பும் யூடியூபும் கணக்கில் சேருமா என்பதைத் தாளின் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். பெரிய குழப்பம் இங்கேதான்.

பல தளங்களில் குறைந்தபட்ச வயது 13. அதற்கு முன்பே கணக்கு இருந்தால் மறைக்கத் தோன்றும். ‘சில வீடுகளில் 13 வயதுக்கு முன்பே கணக்கு தொடங்குகிறார்கள், உங்கள் வீட்டில்?’ என்று மென்மையாகக் கேளுங்கள்.

அச்சடிக்கும் முன் ஐந்தாறு பெற்றோரை ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, தங்களுக்கு என்ன புரிந்தது என்று சொல்ல வையுங்கள். பிறகு 200 பேருக்குக் குறையாமல் கொடுத்து, எந்தெந்தக் கேள்விகள் ஒரே பிரிவாகச் சேர்கின்றன என்று காட்டும் காரணிப் பகுப்பாய்வைச் செய்யுங்கள். ஒவ்வொரு பிரிவின் கிரான்பாக் ஆல்ஃபாவும் (ஒரு பிரிவின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.70-க்கு மேல் இருந்தால் போதும், 0.95-ஐத் தாண்டினால் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள்.

முடிந்தால் பிள்ளையிடமும் அதே கேள்விகளை வேறு அறையில் வைத்துக் கேளுங்கள். ‘விதி இருக்கிறது’ என்று அம்மா சொல்ல, ‘அப்படி எதுவும் இல்லை’ என்று பிள்ளை சொன்னால் அதைப் பிழையென்று நீக்காதீர்கள். இரண்டு பதில்களையும் தனித்தனியாகப் பதியுங்கள்.