கண்ணை மூடினால்தான் காது திறந்தது

பகுதிநேரப் படிப்பில் ஒலியியல் ஒரு பாடம். ஆங்கிலப் பேச்சைக் கேட்டு ஐபிஏ (அனைத்துலக ஒலிக்குறி எழுத்து) குறிகளில் எழுத வேண்டும். முதல் பயிற்சித்தாள் முழுக்கச் சிவப்பு மை. 'பனானா'வின் மூன்று உயிர்களையும் ஏறக்குறைய 'ஆ' என்றே எழுதியிருந்தேன். உண்மையில் முதலும் கடைசியும் ஷ்வா என்ற மங்கலான குற்றொலி, அந்தக் கவிழ்த்துப்போட்ட ஆங்கில 'e' குறி (ə). நடுவில்தான் அழுத்தம். நான் ஒலியைக் கேட்கவில்லை, மனதில் ஓடிய எழுத்துக்கூட்டலைப் படித்திருக்கிறேன்.

வழி சிங்கப்பூரில், எங்கள் தெம்பனிஸ் வீட்டிலேயே கிடைத்தது. அம்மா பெரியம்மாவோடு பேசுவதைப் பதிந்து (அனுமதி கேட்டுவிட்டுத்தான்!), முதலில் தமிழை ஒலிபெயர்த்தேன். 'பம்பரம்' என்பதில் இரண்டு 'ப' எழுதுகிறோம். முதலாவது குரலற்றது (தொண்டை அதிராது), இரண்டாவது குரலுள்ளது (அதிரும்). இத்தனை வருஷம் பேசியும் இது உறைக்கவே இல்லை!

அப்புறம் ஆங்கிலம். 'பின்' (pin), 'ஸ்பின்' (spin) இரண்டையும் வாய்க்கு முன்னால் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துச் சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலேயர் சொன்னால் முதல் சொல்லுக்குத் தாள் துள்ளும். எனக்கு அசையவே இல்லை. பாசிமணிக்கும் (bead) அடிக்கும் (beat) உள்ள ஆங்கிலச் சொற்கள் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பீட்'தான். பிராட் என்ற இலவச மென்பொருளில் பிரிட்டிஷ் பதிவு ஒன்றை அளந்தேன். மணியில் உயிர் நீளம், அடியில் குட்டை. கடைசி மெய்யைத் துரத்துவதை விட்டு உயிரின் நீளத்தைக் கேட்கத் தொடங்கினேன், சிவப்பு குறைந்தது.

கப்பலுக்கும் (ship) செம்மறி ஆட்டுக்கும் (sheep) உள்ள ஆங்கிலச் சொற்கள் மட்டும் இன்னும் குழப்பம். காப்பிக்கடையில் பலர் வாயில் இரண்டும் ஒன்றுதானே!