மிக இலேசான கரும்பொருளைத் தேடும் சோதனைகள்: முடிவுகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒளியை உமிழாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்ளும் கரும்பொருளைத் தேடுவது என்றதும், ஆழ்சுரங்கத்தில் திரவ செனான் தொட்டியை வைத்து, என்றேனும் ஒரு துகள் வந்து அணுக்கருவில் மோதாதா என்று காத்திருக்கும் சோதனையே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. புரோட்டானைவிடப் பல மடங்கு கனமான துகள்களுக்கு அது பொருந்தும். கரும்பொருளாக இருக்கக்கூடும் என்று கருதப்படும், இன்னும் கண்டறியப்படாத மிக இலேசான துகளான ஆக்சியானையும் அதே கண்கொண்டு பார்ப்பதுதான் அடிப்படைத் தவறு. ஆக்சியானின் நிறை 1 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் நிறையைச் சொல்லப் பயன்படும் ஆற்றல் அலகான எலக்ட்ரான்வோல்ட்டில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) என்றும், கரும்பொருள் முழுவதும் அதுவே என்றும் கொண்டால், ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ மூன்று கோடி கோடி ஆக்சியான்கள் இருக்க வேண்டும். அவை தனித்தனியாக வந்து மோதுவனவாக அல்லாமல், சுமார் 242 மெகாஹெர்ட்ஸில் அதிரும் ஓர் அலையாகவே நமக்குப் புலப்படும். 1983இல் இயற்பியலாளர் பியர் சிகிவி முன்வைத்த முறைப்படி, வலுவான காந்தப்புலத்தில் வைத்த உலோகக் குழிக்குள் அந்த அலையின் மிகச் சிறு பகுதி மைக்ரோஅலையாக மாறும். அதன் திறனோ, ஒரு வாட்டைக் கோடி கோடி கோடியால் வகுத்தால் கிடைப்பதைவிடக் குறைவு.

வானொலியைப் போல, குழியை ஒவ்வோர் அதிர்வெண்ணாகத் திருப்பித்தான் கேட்க முடியும். ஆகவே, ‘கிடைக்கவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று படிக்கலாகாது. அமெரிக்காவின் சியாட்டிலில் இயங்கும் உலோகக் குழிச் சோதனையான ஏ.டி.எம்.எக்ஸ் 2018இல் வெளியிட்ட முடிவு 2.66 முதல் 2.81 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் வரையிலான குறுகிய பட்டையை மட்டுமே அலசியது. அதுவும் கரும்பொருள் அனைத்தும் ஆக்சியானே என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடமான செர்னின் காஸ்ட் சோதனையோ சூரியனில் உருவாகும் ஆக்சியான்களைத் தேடியது. அதற்கு அந்த அனுமானமே வேண்டியதில்லை. எவ்வகை ஆக்சியான்களை விலக்கிவிட்டன என்று காட்டும் இவ்விரண்டின் எல்லைக்கோடுகளும் ஒரே வரைபடத்தில் இடம்பெறுவதால், இரண்டும் ஒன்றையே சொல்வதாக எடுத்துக்கொள்வோர் ஏராளம்.

கணிப்பைவிடக் கூடுதலாக எண்ணிக்கை வந்தவுடன் கண்டுபிடிப்பு என்று ஆர்ப்பரிப்பது செய்தித்தாள்களுக்கே உரிய அவசரம். 2020இல் திரவ செனான் தொட்டிச் சோதனையான செனான்1டி, 232 நிகழ்வுகளை எதிர்பார்த்த இடத்தில் 285ஐக் கண்டது. தொட்டியில் தனித்தனியாகப் பதிவாகக்கூடிய ஆற்றல்மிக்க சூரிய ஆக்சியான்களோடு, மிகச் சிறிதளவு டிரிட்டியமும் (கதிரியக்க ஹைட்ரஜன்) காரணமாகலாம் என்று அக்குழுவே எழுதியிருந்தும் தலைப்புகளில் ஆக்சியானே நின்றது. பின்னணி இரைச்சலைப் பெரிதும் குறைத்த அதன் அடுத்த கட்டமான செனான்என்டி 2022இல் அந்த மிகுதியைக் காணவில்லை. உலோகக் குழிச் சோதனையில் ஓர் அதிர்வெண்ணில் திறன் உயர்ந்து ஒரு முகடு தென்பட்டால், மீண்டும் அளக்கும்போதும் அது அங்கேயே இருக்கிறதா, காந்தப்புலத்தைப் பாதியாக்கினால் அதன் திறன் கால்பங்காகிறதா என்று பார்த்தாக வேண்டும். தங்கள் ஆய்வுமுறை உண்மையான குறிகையைத் தவறவிடாது என்பதை உறுதிசெய்ய, ஏ.டி.எம்.எக்ஸ் குழுவினர் செயற்கைக் குறிகைகளை இரகசியமாகக் கலந்துவிட்டு, அவை பிடிபடுகின்றனவா என்றும் சோதிக்கிறார்கள்.