பழைய கட்டடத்தை அளந்து ஆவணமாக்குவது எப்படி?

அமெரிக்காவில் 1933-ல் வரலாற்றுக் கட்டடங்களுக்கும், 1969-ல் பாலம், ஆலை போன்ற பொறியியல் இடங்களுக்கும் தேசிய ஆவணத் திட்டங்கள் தொடங்கின. இரண்டின் அடிப்படையும் ஒன்றே: அளவு வரைபடம், புகைப்படம், எழுத்து வரலாறு. கட்டடம் நாளை இடிந்தாலும் ஆய்வாளர் இந்த மூன்றையும் வைத்து அதைப் படிக்க முடிய வேண்டும். ஒரு சிறிய கட்டடத்தை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

தேவையானவை: 30 மீட்டர் டேப், 5 மீட்டர் ஸ்டீல் டேப், தூக்குக்குண்டு (செங்குத்து பார்க்க நூலில் தொங்கவிடும் எடை), தண்ணீர் ட்யூப் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாய்), கட்டக்காகிதம், பென்சில், கேமரா. துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். லேசர் மீட்டர் வசதிதான். ஆனால் கடும் வெயிலில் அதன் புள்ளி தெரியாது, கண்ணாடியில் பட்டால் தவறான எண் காட்டும்.

1. முதலில் கைப்படம். டேப்பைத் தொடும் முன் கட்டடத்தைச் சுற்றி வந்து, அறைக்கு ஒரு தாளில் பெரிதாக வரையுங்கள். சின்னதாக வரைந்தால் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பிறகு படிக்க முடியாது.

2. அளப்பது. பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நுழைகின்றன. சுவரின் ஒரு மூலையில் டேப்பின் பூஜ்யத்தை வைத்து, அதை நகர்த்தாமல் ஜன்னல், கதவு, தூண் எல்லாவற்றின் அளவையும் தொடர்ச்சியாகப் படியுங்கள். துண்டு துண்டாக அளந்தால், 8 துண்டுகளில் தலா 3 மி.மீ. பிசகினாலும் கடைசியில் 24 மி.மீ. விலகல் வந்துவிடும். டேப் நடுவில் தொய்ந்தாலும் அளவு கூடும்.

அறை சதுரமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். நான்கு பக்கங்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். வரையும்போது ஒரு மூலைவிட்டம் வடிவத்தை நிலைநிறுத்தும். மற்றது சரிபார்க்க உதவும். சுவரின் கனத்தைக் கதவுத் திறப்பில் எடுங்கள். அது இல்லாவிட்டால் உள்ளளவும் வெளியளவும் ஒன்றோடொன்று பொருந்தாது.

உயரத்தைத் தரையிலிருந்து எடுக்கக் கூடாது, பழைய தரை சரிந்திருக்கும். தண்ணீர் ட்யூப் வைத்து எல்லா அறைகளுக்கும் ஒரே மட்டத்தைக் குறித்து, அங்கிருந்து மேலும் கீழும் அளங்கள். ட்யூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். அந்த மட்டத்தைச் சாக்கட்டியால் மட்டும் குறியுங்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்கவே கூடாது.

3. வரைபடம். தரைப்படத்துக்கு 1:50 அளவு விகிதம் போதும். 5 மீட்டர் சுவர் தாளில் 10 செ.மீ. வரும். சாய்ந்த சுவரைச் சாய்வாகவே வரையுங்கள். அதை நேராக்கிவிட்டால், அஸ்திவாரம் இறங்கியதற்கான சான்றையே அழித்துவிடுகிறீர்கள்.

4. புகைப்படம். மேகமூட்டமான வெளிச்சத்தில், முகப்புக்கு நேர் எதிரே நின்று, அளவுகோல் படத்தில் தெரியும்படி எடுங்கள்.

பொறியியல் இடமானால் தோற்றம் மட்டும் போதாது. தண்ணீர் அல்லது நீராவி எங்கே நுழைந்தது, விசை எந்தத் தண்டு, எந்தப் பட்டை வழியே எந்த இயந்திரத்துக்குப் போனது என்று தனிப்படம் வேண்டும். இயந்திரத்தின் பெயர்ப்பலகையை எழுத்து மாறாமல் குறியுங்கள்.

5. எழுத்து. ஆவணம் சொல்லும் ஆண்டையும், செங்கல் அளவையோ ஆணி வகையையோ பார்த்து நீங்கள் ஊகித்த ஆண்டையும் தனித்தனியே காட்டுங்கள். களக்குறிப்புத் தாள்களைத் தேதியோடு, அளந்தவர் பெயரோடு வரைபடத்துடனேயே வையுங்கள். பின்னால் ஒரு அளவில் சந்தேகம் வந்தால் ஆய்வாளர் முதலில் தேடுவது அவற்றைத்தான்.