கார்ட்டர் பாம்புக் குட்டிக்குத் தீனி: மண்புழுவிலிருந்து பிங்கி எலிவரை

வட அமெரிக்காவில் முதன்முதலாகப் பாம்பு வளர்ப்பவர்கள் வாங்கும் பாம்புகளில் கார்ட்டர் பாம்பும் ஒன்று. பிறந்த குட்டி 15 முதல் 20 செ.மீ. நீளம் இருக்கும், பென்சில் பருமன்கூட இருக்காது. மீன் வாடை பட்டால் பாய்ந்து வரும். சிக்கலும் அங்கேதான். தனக்கு ஆகாத மீனையும் அதே ஆசையோடு தின்றுவிடும்.

படி 1: மீனைப் பார்த்து வாங்குங்கள்

கடையில் மலிவாகக் கிடைக்கும் தங்கமீன், ரோஸி ரெட் மின்னோ இரண்டிலும் தியமினேஸ் என்ற நொதி இருக்கிறது. ஸ்மெல்ட் மீனும் அப்படித்தான். இந்த நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். தொடர்ந்து இதையே கொடுத்தால் குட்டி தலையைத் திருகும், மல்லாந்தால் நிமிர முடியாது, வலிப்பும் வரும். அந்த நிலையில் தீனியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஊர்வன மருத்துவரிடம் ஓடுங்கள்.

கப்பி, சால்மன், ட்ரவுட், திலாப்பியா கொடுக்கலாம். முள் நீக்கிய சதைத் துண்டில் கால்சியம் போதாது. ஊர்வனவற்றுக்கான கால்சியம் பவுடரை ஒரு சிட்டிகை தூவுங்கள்.

படி 2: மண்புழு

நைட்கிராலர் என்ற பெரிய மண்புழுவைக் கழுவி, 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள். இதற்கும் கால்சியம் தூவ வேண்டும். மட்கு உரத் தொட்டியில் வளர்க்கும் ரெட் விக்லர் புழு மட்டும் வேண்டவே வேண்டாம். நசுக்கினால் மஞ்சள் நீர் கசியும் புழு அது, கார்ட்டருக்கு நஞ்சு. பூச்சிமருந்து அடித்த புல்வெளியில் பொறுக்கிய புழுவும் கூடாது.

படி 3: பிங்கிக்குப் பழக்குங்கள்

மயிர் முளைக்காத எலிக்குஞ்சுதான் பிங்கி. முழு உடலும் உள்ளே போவதால் சத்துகள் ஓரளவு சரிவிகிதத்தில் கிடைக்கும். எங்கள் கணக்கில் கடைசியில் போய்ச்சேர வேண்டிய இடம் இதுவே. உறைந்த பிங்கியைப் பாதி இளகிய நிலையிலேயே நறுக்குங்கள், குழையாமல் வரும். பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டு வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், வெளியே வெந்து நடுவில் பனிக்கட்டி நிற்கும்.

எடுத்த எடுப்பில் தொடாது. துண்டின் மேல் மண்புழுவை நன்றாகத் தேய்த்து, புழுத் துண்டுகளோடு கலந்து வையுங்கள். ஒவ்வொரு வேளையும் புழுவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

படி 4: அளவும் நாளும்

துண்டு, குட்டியின் உடலில் பருத்த இடத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. வாரம் இருமுறை போதும். தின்ற பிறகு 2 நாள் கையில் எடுக்காதீர்கள். கூண்டின் சூடான பக்கம் 29–30 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். குளிர்ந்தால் செரிக்காமல் கக்கிவிடும். கக்கினால் ஒரு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பாதி அளவில் மறுபடி தொடங்குங்கள்.

இரண்டு குட்டிகள் இருந்தால் தனித்தனி டப்பாவில் தீனி போடுங்கள். ஒரே புழுவை இரு முனையிலும் கவ்வினால் இரண்டுமே விடாது. பெரியது சின்னதையும் சேர்த்து விழுங்கிவிடும். வாய் துடைத்தாற்போல் காலியாகி, மீன் வாடையும் போன பிறகே மறுபடி ஒன்றாக விடுங்கள்.