"கடவுளுக்கு முன்னமே தெரியும்தானே": இந்தப் பேச்சில் நாம் வழுக்கும் இடங்கள்

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும்போது என் மருமகன் கணிதப் பாஸ்ட் பேப்பர் கட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்: "மாமா, கடவுளுக்கு எல்லாம் முன்னமே தெரியும் எண்டால், எனக்குக் கணக்கில ஏ வருமோ, டபிள்யூ வந்து பெயிலாகுமோ எண்டதும் தெரியும்தானே. பேந்து நான் ஏன் கிடந்து முறியவேணும்?"

"படிக்கப் பஞ்சியில கடவுளை இழுக்காதை" என்று குசினிக்குள் இருந்து அக்கா கத்தினா. ஆனால் கேள்வி பழையது. கிரேக்கர்கள் இதற்குச் 'சோம்பேறி வாதம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரிசிப்பஸ் என்ற அறிஞர் சொன்ன பதில் இன்றைக்கும் போதும்: முடிவு தனியே வந்து விழுவதில்லை, அதற்கான வழியோடு சேர்ந்தே வருகிறது. கடவுளுக்குத் தெரிந்தது 'ஏ' மட்டும் அல்ல, நீ விடிய நாலு மணிக்கு எழும்பிப் படித்து எடுத்த 'ஏ'. படிப்பைக் கழித்துவிட்டுப் பெறுபேற்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

இது சின்னத் தவறு. பெரியது வேறு இடத்தில் இருக்கிறது; படித்தவர்களும் அதில்தான் விழுகிறார்கள்.

வேலிப் பொட்டுக்குள்ளால் பார்க்கிறேன். பக்கத்து வளவுக்காரர் எங்கள் கறுத்தக்கொழும்பான் மரத்தில் கை வைத்திருக்கிறார். அவர் மாங்காய் பிடுங்குவதை நான் காண்கிறேன் என்றால், அவர் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கவேண்டும். இல்லையென்றால் நான் கண்டது காட்சியே இல்லை. சரி. ஆனால் அந்தக் 'கட்டாயம்' எங்கே நிற்கிறது? என் பார்வைக்கும் அவர் செயலுக்கும் இடையிலான தொடர்பில். அவர் கையில் அல்ல. அவர் விரும்பியிருந்தால் பேசாமல் போயிருக்கலாம். அப்போது நானும் வேறொன்றைத்தான் கண்டிருப்பேன். 'கடவுளுக்குத் தெரிந்தது கட்டாயம் நடக்கும்' என்ற வசனத்தில் அந்தக் 'கட்டாயம்' சத்தமில்லாமல் இடம் மாறி நம் கையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அறிவு செயலைப் பின்பற்றுகிறது, செயல் அறிவைப் பின்பற்றவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

எங்கள் ஊரில் இந்த மறதிக்குப் பஞ்சாங்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2019 டிசெம்பர் 26 வளையச் சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்திலும் தெரிந்தது; அது எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பது எப்போதோ கணித்து வைத்த விஷயம். கணிக்க முடிந்தது ஏனென்றால் சூரியனுக்கும் சந்திரனுக்கும் வேறு வழியில்லை. குறிப்புப் பார்த்துப் பழகிய நாம், கடவுளும் பெரிய சாத்திரியார் போல நம்மைக் கணக்குப் போட்டு அறிகிறார் என்று எடுத்துக்கொள்கிறோம். காரணங்களைக் கூட்டிப் பெறும் அறிவு என்றால் மனிதன் இயந்திரமாகத்தான் இருக்கவேண்டும். கண்டு பெறும் அறிவுக்கு அந்த நிபந்தனை இல்லை. 524ஆம் ஆண்டளவில் சிறையில் மரணதண்டனையை எதிர்பார்த்திருந்த ரோமத் தத்துவ அறிஞர் போயத்தியஸ் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: கடவுள் காலத்துக்கு வெளியே நிற்கிறார், நம்முடைய நாளையும் அவருக்கு இன்றைக்குப் போல. மலை உச்சியில் நிற்பவன் தெரு முழுவதையும் ஒரே பார்வையில் காண்பதை உதாரணம் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் நமக்கு ஏற மலை ஏது, கீரிமலை என்று ஓர் ஊர்ப் பேர் மட்டும் இருக்கிறது.

அடுத்தது, எல்லாச் சமயத்துச் சொற்களையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவது. தலைவிதி, வினை, முன்குறிப்பு மூன்றும் ஒன்றல்ல. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், புரட்டஸ்தாந்து சீர்திருத்தவாதி கல்வினின் மரபில் வளர்ந்தவர்கள். அங்கே முன்குறிப்பு, அதாவது யார் மீட்கப்படுவார் என்று கடவுள் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்பது, பெரிய கோட்பாடு. ஆனால் பைபிளில் ரோமர் 8:29இலேயே முன்னறிதலும் முன்குறித்தலும் இரண்டு சொற்களாக நிற்கின்றன. தெரிந்திருப்பது வேறு, தீர்மானிப்பது வேறு.

சைவத்தில் 'அவனன்றி ஓரணுவும் அசையாது' என்பதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையைக் கட்டி இருப்பவர்களிடம் ஒன்று கேட்கவேண்டும்: அப்படியென்றால் ஆகாமியம் எதற்கு? பிராரத்தம் முன்பு செய்ததன் பலன், இப்போது அனுபவிப்பது. ஆகாமியம் இப்போது செய்து புதிதாய்ச் சேர்ப்பது. உயிருக்குத் தெரிவு இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கே வேலை இல்லை. சித்தாந்தத்தில் உயிருக்கு இச்சை, அறிவு, செயல் மூன்றும் உண்டு. சிவன் சூரிய வெளிச்சம் மாதிரி: அது இல்லாமல் கண் காணாது, ஆனாலும் காண்பது கண்தான். சிவனுடைய எண்குணங்களில் ஒன்றான முற்றும் உணர்தல் இங்கே வேறொரு வேலையும் செய்கிறது. வினை சடம், யாருடையது என்று அதற்கே தெரியாது. உரியவருக்கு உரியதைச் சேர்க்க அறிவுள்ள ஒருவர் வேண்டும்.

அதற்காக, எல்லாம் தீர்ந்தது என்று எழும்புவதும் தவறுதான். 1965இல் நெல்சன் பைக் என்ற தத்துவப் பேராசிரியர் முடிச்சை இறுக்கிக் காட்டினார். கடவுள் காலத்துக்குள் இருப்பவர் என்றால், நாளைக்கு நான் செய்யப்போவதை நூறு வருடத்துக்கு முன்பே அவர் அறிந்துவிட்டார். அந்த அறிவு இப்போது இறந்தகாலம். இறந்தகாலத்தை என்னால் மாற்ற முடியுமா? 'கட்டாயம்' எங்கே நிற்கிறது என்ற பழைய பதில் இதற்குப் போதாது. 14ஆம் நூற்றாண்டில் ஒக்காம் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் இதற்கொரு வழி காட்டியிருந்தார்: 'நாளைக்கு வரப்போகும் மழையை நேற்றே சரியாகச் சொன்னேன்' என்பதில் 'சொன்னேன்' முடிந்த காரியம், 'சரியாக' என்பது இன்னும் முடியவில்லை, நாளையைப் பார்த்து நிற்கிறது. கடவுளின் முன்னறிவும் அப்படிப் பாதிதான் இறந்தகாலம் என்கிறார். எனக்கு இது பிடிக்கும். முழுக்க நம்பிக்கை வந்ததென்று சொல்லமாட்டேன்.

மருமகனுக்கு இந்தக் கடைசித் துண்டுதான் பிடித்தது. "அப்ப நான் இண்டைக்குப் படிப்பனோ எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்றான். எனக்குத் தெரியும் என்றேன். சிரித்துக்கொண்டு போனைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனான்.